மணற்சோறும் மனிதப் பண்பும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் தமிழின் தொன்மையைப் பற்றியும், தமிழனின் வீரத்தைப் பற்றியும் பேசுவது வழக்கம். அவற்றைப் பேசக் கற்றறிந்த பெரியோர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது மிகச் சிறிய பொருள். நம் குழந்தைகள் மாலை வேளையில் மணலிலே சோறு சமைத்து, இலையிலே பரிமாறி, பொம்மைக்கு ஊட்டி விளையாடுகிறார்களே, அந்த விளையாட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன். சிறு பொருள்தான், ஆனால் நம் குழந்தைகள் எப்படிப்பட்ட மனிதர்களாக வளரப் போகிறார்கள் என்னும் பெரிய கேள்வி அதனுள் அடங்கியிருக்கிறது. நான் மனோதத்துவம் கற்றவன் அல்லன். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவன். நூல் நிலையத்தில் படித்ததையும், இந்தக் காலனியின் மரத்தடிகளில் கண்டதையும் சேர்த்துச் சொல்லுகிறேன். பொறுத்துக் கேட்டருள வேண்டுகிறேன்.

ஒன்றை மற்றொன்றாகப் பாவித்து ஆடுவதனால் இதனைப் பாவனை விளையாட்டு என்கிறோம். தேங்காய்ச் சிரட்டை பானையாகிறது; புளியிலை கீரையாகிறது; கிழிந்த துண்டு புடவையாகிறது; நான்கு வயதுச் சிறுமி நாற்பது வயது அன்னையாகிறாள். நாம் சொப்பு விளையாட்டு என்பதையே இந்த வங்க நாட்டார் 'ரான்னாபாட்டி' என்கிறார்கள். நமக்கு அடுத்த வரிசையில் குடியிருக்கும் ஆந்திர நண்பர்கள் 'குஜ்ஜனகூள்ளு' என்கிறார்கள். இந்தி பேசும் குழந்தைகள் 'கர் கர்' என்று சொல்லி வீடு கட்டி விளையாடுகிறார்கள். பெயர்தான் வேறு, அடுப்பு ஒன்று, சோறு ஒன்று, பசியோடு காத்திருக்கும் பொம்மையும் ஒன்று. யாரும் பாடத்திட்டம் வகுத்துக் கொடுக்காமலே, எல்லா மொழிக் குழந்தைகளும் ஒருவருக்கு உணவிடும் விளையாட்டைத் தாமே கண்டு ஆடுகிறார்கள் என்பது சிந்திக்கத்தக்கது.

இந்த விளையாட்டின் மதிப்பை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஒன்று சிற்றில் பருவம். சிறுமியர் மணலில் சிறு வீடு கட்டி விளையாடுகிறார்கள். பாட்டுடைத் தலைவனாகிய சிறுவன் அதனை மிதித்து அழிக்க வருகிறான். அவர்கள் 'எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே' என்று வேண்டுகிறார்கள். ஆண்டாள் அருளிய நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பத்தும் இதே வேண்டுகோள்தான். கண்ணனைப் பார்த்தே அந்தச் சிறுமியர் முறையிடுகிறார்கள். இதில் பக்திச் சுவையைப் பெரியோர் விளக்கியிருக்கிறார்கள். நான் அதனோடு மற்றொன்றையும் காண்கிறேன். உடைக்க வருகிறவனுக்கு அது வெறும் மணல். கட்டியவளுக்கு அது வீடு. தன் காலின் கீழே இருப்பது மற்றொருவருக்கு என்ன பொருள் என்பதை அறிந்து காலைப் பின்னே வைத்துக்கொள்ளும் அறிவு இருக்கிறதே, பண்பு என்பது அதுதான். அந்தப் பாடத்தை நம் புலவர்கள் ஒரு விளையாட்டின் நடுவிலேதான் வைத்தார்கள்.

நற்றிணையின் 172-ஆவது பாட்டையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். கடற்கரையில் தோழியரோடு விளையாடிய ஒரு பெண், புன்னை விதை ஒன்றை வெண்மணலில் அழுத்தி வைத்துவிட்டு மறந்து போகிறாள். அது முளைத்துவிடுகிறது. பாலும் நெய்யும் வார்த்து வளர்க்கிறார்கள். அவளுடைய அன்னை அந்தப் புன்னையைக் காட்டி, அது உன்னினும் சிறந்தது, உனக்குத் தங்கை முறை ஆகும் என்று சொல்லி வைக்கிறாள். பெண் வளர்ந்த பிறகு அந்த மரத்தின் நிழலில் காதலனோடு சிரித்துப் பேச அவளுக்கு நாணமாக இருக்கிறது. தங்கை பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று கூசுகிறாள்!

அந்தத் தாய் என்ன செய்தாள் என்பதை நோக்குங்கள். மரங்களை நேசிக்க வேண்டும் என்று அவள் போதிக்கவில்லை. கிளையை ஒடிக்காதே என்று அதட்டவில்லை. தங்கை என்று ஒரு பாவனையை மட்டும் மகளின் உள்ளத்தில் விதைத்தாள். மணலில் விழுந்த விதை மரமாயிற்று. மனத்தில் விழுந்த சொல் உறவாயிற்று. குழந்தைக்குக் கருணையைக் கற்பிக்கும் வழியை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை.

இனி, பாவனை விளையாட்டினால் குழந்தையின் உள்ளத்தில் என்ன நிகழ்கிறது என்று பார்ப்போம். ஏறத்தாழ 2 வயதுக் குழந்தை வெறும் கிண்ணத்திலிருந்து பொம்மைக்கு ஊட்டத் தொடங்குகிறது. அதற்கு முன்பு பசி என்றால் தன் பசி ஒன்றுதான். இப்பொழுது தன் வயிற்றுக்கு வெளியேயும் ஒரு பசி இருக்கக்கூடும் என்று அது எண்ணிப் பார்க்கிறது. பொம்மைக்குப் பசி இல்லை என்பதும் அதற்குத் தெரியும்; இருந்தும் ஊட்டுகிறது. இல்லாத ஒன்றை இருப்பதாக எண்ணிப் பார்க்கும் இந்த ஆற்றலே, நாளை தான் படாத துன்பத்தை மற்றொருவர் படுவதாக உணரும் ஆற்றலுக்கு முதற்படியாகலாம்.

மேல்நாட்டு அறிஞர்கள் இதன் ஒரு பகுதியைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரிய நாட்டின் சால்ஸ்பர்க் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த விம்மர், பெர்னர் என்னும் இருவர் 1983-இல் வெளியிட்ட ஆராய்ச்சியைத் தொடர்ந்து, 1985-இல் லண்டனில் மூவர் பொம்மைகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தனர். சாலி என்ற பொம்மை ஒரு கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறது. ஆன் என்ற பொம்மை அதனை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறது. சாலி திரும்பி வந்தால் கோலியை எங்கே தேடும் என்று குழந்தையைக் கேட்கிறார்கள். 3 வயதுக் குழந்தைகளுள் பெரும்பாலோர் 'பெட்டியில்' என்று சொல்லிவிடுவார்கள்; தமக்குத் தெரிந்தது சாலிக்கும் தெரியும் என்பது அவர்கள் எண்ணம். 4 அல்லது 5 வயதாகும்போதுதான் 'கூடையில் தேடும். பாவம், அதற்குத் தெரியாதே!' என்ற விடை வருகிறது. அந்தப் 'பாவம்' என்ற சொல் பிறக்கும் வயதும், பாவனை விளையாட்டு செழிக்கும் வயதும் ஒன்றாகவே இருக்கின்றன.

ஆயினும், அன்பர்களே, விளையாட விட்டுவிட்டால் போதும், குழந்தைகள் தாமே கருணை வடிவங்களாகிவிடுவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது உண்மையாகாது. 2013-இல் அமெரிக்க நாட்டின் விர்ஜினியா பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஏஞ்சலின் லில்லார்டும் அவருடன் பணியாற்றியவர்களும் அதுவரை நடந்த ஆராய்ச்சிகளையெல்லாம் தொகுத்து ஆராய்ந்தனர். பாவனை விளையாட்டுதான் குழந்தையின் வளர்ச்சிக்குக் காரணம் என்று உறுதியாகக் கூறப் போதிய சான்று இல்லை. பல வழிகளுள் அதுவும் ஒரு வழியாக இருக்கலாம் என்பதே அவர்கள் கண்ட முடிவு. 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, நம் நாட்டில் பல ஆண்டுகள் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மாண்டிசோரி அம்மையாரும், விளையாட்டுத் துடைப்பத்தைவிடத் தன் கைக்கு அளவான உண்மைத் துடைப்பத்தையே குழந்தை விரும்பும் என்ற கருத்துடையவர். இவர்கள் கூற்றிலும் உண்மை இருக்கிறது. விளையாட்டு வெறும் பாத்திரம். அதில் நாம் எதை ஊற்றுகிறோமோ அதுவே இருக்கும்.

எதை ஊற்றுகிறோம் என்று அறிய வேண்டுமானால், நம் குழந்தைகள் விளையாடும்போது சற்று மறைந்து நின்று கேளுங்கள். பொம்மையைச் 'சனியனே!' என்று திட்டும் குழந்தை அந்தச் சொல்லை எங்கே கற்றது? சொப்புப் பாத்திரத்தைத் துலக்குபவளாக நடிக்கும் சிறுமியிடம், எசமானியாக நடிக்கும் சிறுமி விரலை நீட்டி அதட்டுகிறாளே, அந்த விரல் யாருடைய விரல்? நம் வீட்டின் சுவர்களுக்குள் நடப்பதை நம் பிள்ளைகள் தெருவிலே நாடகமாக நடித்துக் காட்டுகிறார்கள். அந்த நாடகத்திற்கு நுழைவுச் சீட்டும் இல்லை.

நம் காலனிக் குழந்தைகளுக்கு மிகவும் பிடித்தது ரயில் விளையாட்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு குவார்ட்டர்ஸ்களின் பின்புறம் வண்டி ஓடும். டிரைவர் உண்டு, டிக்கெட் பரிசோதகர் உண்டு, பச்சைக் கொடி காட்டும் கார்டு உண்டு. (2022-ஆம் ஆண்டு முதல் கார்டு என்ற பதவியின் பெயர் டிரெயின் மேனேஜர் என்று மாறிவிட்டது; ஆனால் குழந்தைகளின் ரயிலில் அவர் இன்னும் கார்டுதான்.) சில காலம் முன்பு அந்த வண்டியில் ஒரு வழக்கம் இருந்ததைக் கண்டேன். பெரிய குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் டிரைவரும் கார்டும் ஆவார்கள். நம் பிள்ளைகள் பரிசோதகரும் பயணிகளும் ஆவார்கள். நம் வீடுகளில் பாத்திரம் துலக்கும் அம்மாளின் மகள் ஒருத்தி, 6 வயதிருக்கும், அவளும் வருவாள். அவளுக்கு நாள்தோறும் ஒரே வேடம்: டிக்கெட் இல்லாத பயணி. ஒவ்வொரு நாளும் அவளைப் பிடிப்பார்கள், அதட்டுவார்கள், வண்டியிலிருந்து இறக்கி விடுவார்கள். வண்டி போய்விடும். அவள் நின்றுகொண்டிருப்பாள். எப்படியாவது விளையாட்டில் ஓர் இடம் கிடைத்ததே என்று மறுநாளும் வருவாள்.

நம்முள் ஒருவர் இதைக் கண்டால் என்ன செய்வோம்? குழந்தைகளைக் கூப்பிட்டு நிறுத்தி, ஏழைகளிடம் அன்பாக இருக்க வேண்டும் என்று ஐந்து நிமிஷம் உபதேசம் செய்வோம். குழந்தைகள் தலை குனிந்து கேட்பார்கள். அந்தச் சிறுமிக்கு, தான் ஏழை என்பது எல்லார் முன்பும் உரக்கச் சொல்லப்பட்டதே மிச்சமாகும்.

திண்ணையில் பூத் தொடுத்துக்கொண்டிருந்த நம் காலனிப் பாட்டி ஒருவர் அவ்விதம் செய்யவில்லை. பூக்கூடையை வைத்துவிட்டு மெல்ல எழுந்து வந்து அந்தச் சிறுமியின் பின்னால் நின்றுகொண்டார். "நானும் வண்டியில் வரலாமா?" என்றார். குழந்தைகளுக்கு ஒரே குதூகலம். டிக்கெட் பரிசோதகர் வந்தான். "பாட்டி, டிக்கெட்!" என்றான். "என்னிடம் இல்லையேடா கண்ணா. பையைத் தொலைத்துவிட்டேன். என்னையும் இறக்கி விடுவாயா? இந்த இருட்டில் நான் எங்கே போவேன்?" என்றார் பாட்டி. பையன் திகைத்துப் போனான். பாட்டியை எப்படி இறக்கி விடுவது! சற்று யோசித்து, "நீங்கள் உட்காருங்கள் பாட்டி, உங்கள் டிக்கெட்டுக்கு நான் பணம் கட்டிவிடுகிறேன்" என்றான். "மகராசனாக இரு. ஆனால் எனக்குத் துணையாக வந்தவள் இவள், இவளை இறக்கிவிட்டால் நானும் இறங்கிவிடுவேன்" என்றார் பாட்டி. பையன் அந்தச் சிறுமியை நிமிர்ந்து பார்த்தான். இத்தனை நாளும் அவளைப் பிடித்திருக்கிறான், அன்றுதான் பார்த்தான். இரண்டு இலைகளைப் பறித்து, ஒன்றைப் பாட்டிக்கும் ஒன்றை அவளுக்கும் கொடுத்தான். வண்டி புறப்பட்டது.

அன்றோடு எல்லாம் மாறிவிட்டது என்று கதைகளில் வருவதைப் போல நான் சொல்லமாட்டேன். நான்கு நாள் கழித்து மறுபடியும் அவளை இறக்கிவிட்டார்கள். பாட்டி மறுபடியும் ஏற வேண்டியிருந்தது. ஒரு மாதத்திற்குப் பிறகு அந்தச் சிறுமி பச்சைக் கொடி பிடித்துக் கடைசிப் பெட்டியில் ஓடுவதைக் கண்டேன். கொடி ஒரு கிழிந்த ரவிக்கைத் துணிதான். அதை அவள் பிடித்திருந்த மிடுக்கைப் பார்க்க வேண்டுமே!

பாட்டி கையாண்ட முறையிலிருந்து பெற்றோர்களாகிய நாம் சில செய்திகளைக் கற்கலாம். முதலாவது, விளையாட்டை நிறுத்தாமல் அதன் உள்ளே நுழைய வேண்டும். பொம்மையைத் தூக்கி எறியும் குழந்தையிடம், 'அப்படிச் செய்யாதே' என்பதற்குப் பதிலாக, 'ஐயோ, குழந்தை கீழே விழுந்துவிட்டதே! எங்கே அடிபட்டது? மருந்து எங்கே இருக்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள். எறிந்த கையே தடவிக் கொடுக்கும்.

இரண்டாவது, வேடங்களை மாற்ற வேண்டும். எப்பொழுதும் டாக்டராகவே இருப்பவன் ஒரு நாள் நோயாளியாகப் படுக்கட்டும். எப்பொழுதும் டீச்சராக இருந்து பிரம்பு வீசுபவள் ஒரு நாள் பாடம் ஒப்பிக்கத் தெரியாத மாணவியாக நிற்கட்டும். ஊசி குத்துகிறவனுக்கும் குத்திக்கொள்கிறவனுக்கும் உலகம் வேறு வேறாகத் தெரியும். இரண்டு இடத்திலும் இருந்து பார்த்தவனே நாளை நல்ல டாக்டராவான். டாக்டராகாவிட்டாலும் நல்ல மனிதனாவான்.

மூன்றாவது, ஆண் குழந்தைகளின் கையிலிருந்து பொம்மையைப் பிடுங்காதீர்கள். 'பெண்பிள்ளை மாதிரி பொம்மைக்குச் சோறூட்டுகிறாயே' என்று சிரிக்கிறோம். நாளை அவன் தகப்பனாகும்போது, இரவில் அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொள்ளத் தெரியாமல் நிற்பானே, அதற்கு வித்து இந்தச் சிரிப்பில் இருக்கிறது.

நான்காவது, மாண்டிசோரி அம்மையாரின் கருத்தையும் மறவாமல், பாவனையிலிருந்து உண்மைக்கு ஒரு பாலம் அமைக்க வேண்டும். பொம்மைக்குத் தண்ணீர் கொடுத்த கையால், வெயிலில் வந்து நிற்கும் தபால்காரருக்கும் ஒரு குவளை தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள். பாட்டிக்கு மூக்குக் கண்ணாடியைத் தேடிக் கொடுக்கச் சொல்லுங்கள். பிறிதோர் உயிரின் நோயைத் தன் நோய்போல் எண்ணிக் காவாதபோது அறிவினால் என்ன பயன் என்று கேட்டார் வள்ளுவர். அந்த அறிவு கையின் வழியாகத்தான் குழந்தைக்குள் இறங்குகிறது.

ஐந்தாவதைச் சற்றுத் தயக்கத்தோடு சொல்லுகிறேன். குழந்தைகள் துன்பத்தையும் விளையாடுவார்கள், அதைத் தடுக்காதீர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நம் காலனியில் தண்டவாளப் பணியின்போது ஒருவர் உயிரிழந்தது உங்கள் நினைவில் இருக்கும். அவருடைய மகனுக்கு அப்பொழுது 5 வயது. சில வாரங்கள் கழித்து அவன் தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்கி, அதன்மேல் ஒரு மரப்பாச்சியைக் கிடத்தி, ஒரு வெள்ளைத் துணியால் போர்த்திக்கொண்டிருந்தான். கண்ட பெரியவர்கள் பதறினார்கள். 'வேண்டாம், எடுத்துவிடு' என்று ஒருவர் ஓடினார். அதற்குள் பக்கத்து வீட்டுச் சிறுமி அவனருகே போய் அமர்ந்துகொண்டாள். "யாருடா இது?" என்று கேட்டாள். "அப்பா தூங்குகிறார்" என்றான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தன் சொப்பில் தண்ணீர் மொண்டு வந்து மரப்பாச்சியின் தலைமாட்டில் வைத்தாள். பிறகு இருவரும் நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். ஆறுதல் கூற வந்த நாம் அந்த வீட்டு வாசலில் எத்தனையோ சொற்களைக் கொட்டினோம். அந்தச் சிறுமி வைத்த தண்ணீருக்கு அவை ஈடாகுமா என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

நாம் வாழும் இந்த வங்க மண்ணின் மகாகவி இதனை நன்கு உணர்ந்திருந்தார். இரவீந்திரநாத் தாகூரின் 'தபால் நிலையம்' என்னும் நாடகம் 1912-இல் நூலாக வந்தது. அமல் என்ற சிறுவன் நோயுற்றிருக்கிறான். வெளியே போகக் கூடாது என்பது வைத்தியர் கட்டளை. சன்னலருகே உட்கார்ந்துகொண்டு தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுப் பேசுகிறான். தயிர்க்காரனைப் போலக் கூவ வேண்டும், அவனோடு ஊர் ஊராகப் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறான். அச்சிறுவன் தன் தொழிலை அவ்வளவு ஆசையோடு எண்ணிப் பார்ப்பதைக் கேட்ட பிறகு தயிர் விற்பதிலேயே ஓர் இன்பம் இருப்பதைத் தயிர்க்காரன் உணர்கிறான். தனக்கு அரசனிடமிருந்து கடிதம் வரும் என்று அமல் நம்புகிறான். ஊர்த் தலைவன் அவனை ஏளனம் செய்ய ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்து, இதோ அரசன் கடிதம் என்கிறான். அருகிலிருக்கும் தாத்தாவோ அதே வெற்றுத் தாளை வாங்கி, ஆம், அரசன் உன்னைக் காண வருவதாக எழுதியிருக்கிறான் என்று படிக்கிறார். தாள் ஒன்றுதான், எழுத்தும் இல்லை. ஒருவன் கையில் அது கேலியாயிற்று. மற்றவர் கையில் அது கருணையாயிற்று. பாவனை என்பது இருபுறமும் கூருள்ள கருவி என்பதை இதனினும் தெளிவாகக் காட்ட முடியாது.

இந்த நாடகத்திற்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. போலந்து நாட்டின் வார்சா நகரில் யானுஷ் கோர்ச்சாக் என்னும் மருத்துவர் யூதக் குழந்தைகளுக்கான அநாதை இல்லம் ஒன்றை நடத்தி வந்தார். நாஜிகள் யூதர்களையெல்லாம் மதில் சூழ்ந்த ஒரு பகுதியில் அடைத்துப் பட்டினி போட்ட காலத்தில் அந்த இல்லமும் உள்ளே அகப்பட்டது. 1942 ஜூலை 18 அன்று, அந்தச் சிறைக்குள்ளே, அந்தக் குழந்தைகள் தாகூரின் 'தபால் நிலையம்' நாடகத்தை நடித்தார்கள். ஆகஸ்டு முதல் வாரத்தில், ஏறத்தாழ 200 குழந்தைகளும் ட்ரெப்ளிங்கா கொலைக்களத்திற்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். கோர்ச்சாக் அவர்களைத் தனியே விடாமல் உடன் சென்று தாமும் மாண்டார். உணவு இல்லாத இடத்தில், நாளை என்பதும் இல்லாத இடத்தில், அந்தப் பெரியவர் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தேர்ந்தெடுத்தது ஒரு நாடகம். அந்தக் குழந்தைகளுள் ஒருவன் தயிர்க்காரனாக நின்றிருப்பான். ஒருத்தி பூக்காரச் சிறுமியாக நின்றிருப்பாள். மதிலுக்கு அப்பால் ஒரு தெரு இருக்கிறது, அதில் அன்பான மனிதர்கள் நடக்கிறார்கள் என்பதை ஒரு மாலைப்பொழுதேனும் அவர்கள் உணர்ந்திருப்பார்கள்.

அவ்வளவு இருண்ட காலத்திலும் அது முடிந்ததென்றால், நமக்கு என்ன குறை? நம் நாட்டிலேயே வழிகாட்டிகள் உண்டு. வழக்கறிஞர் தொழிலை விட்டு ஆசிரியரான கிஜூபாய் பதேக்கா, குஜராத்தின் பாவநகரில் 1920-இல் பால மந்திர் என்னும் குழந்தைப் பள்ளியைத் தொடங்கினார். கதையும் ஆடலும் நாடகமுமே அவருடைய பாட நூல்கள். மீசை வைத்த தாய் என்று மக்கள் அவரை அன்போடு அழைத்தார்கள். அவருடைய நூல் 'பகல் கனவு' என்ற பெயரில் தமிழிலும் கிடைக்கிறது. பெற்றோர்கள் படிக்க வேண்டுகிறேன். 2022-இல் வெளியான தேசியக் கலைத்திட்டமும் 3 முதல் 8 வயது வரை விளையாட்டின் வழியாகவே கல்வி அமைய வேண்டும் என்று கூறுகிறது. 2023-இல் பொம்மைகளும் கைப்பாவைகளும் கதை நூல்களும் அடங்கிய ஒரு மாயப் பெட்டியையும் அரசு வெளியிட்டது. ஆனால் பள்ளி செய்யட்டும், அரசு செய்யட்டும் என்று நாம் இருந்துவிட்டால், மாலை நான்கு மணிக்குப் பள்ளி விட்டதும் டியூஷன், டியூஷன் விட்டதும் கைப்பேசி என்றே நம் குழந்தைகளின் நாள் முடிந்துபோகும்.

இப்பொழுது நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் சங்கக் கட்டடத்தின் பின்னறையை வாரம் முழுவதும் டியூஷன் வகுப்பிற்கு வாடகைக்கு விடலாம் என்ற யோசனை பொதுக்குழுவின் முன் வரவிருக்கிறது. நூல் நிலையத்தை நடத்த அந்த வாடகை உதவும் என்று பொருளாளர் அவர்கள் கூறுவதில் நியாயம் இருக்கிறது. நான் அதனை எதிர்க்கவில்லை. ஐந்து நாட்கள் டியூஷனுக்கு இருக்கட்டும். சனி, ஞாயிறு இரண்டு மாலைகளிலும் 4 மணி முதல் 6 மணி வரை அந்த அறையைக் குழந்தைகளுக்குக் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இதற்குப் பெரும் செலவு இல்லை. ஒரு மரப்பெட்டி போதும். சொப்புச் சாமான் ஒரு தொகுதி, நான்கைந்து மரப்பாச்சிகள், பழைய புடவைகள், ஒரு தராசு, ஒரு தபால் பை, சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, காலி அட்டைப் பெட்டிகள். இவற்றை நம் வீட்டுப் பரண்களிலிருந்தே திரட்டிவிடலாம். மூன்றே விதிகள். ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு வேடத்தையும் முறைப்படி ஏற்க வேண்டும். எந்த மொழிக் குழந்தையானாலும், எந்த வீட்டுக் குழந்தையானாலும், நம் வீடுகளில் வேலை செய்வோரின் குழந்தையானாலும் வாயிற்படியில் நிறுத்தக் கூடாது. பெரியவர்கள் உள்ளே வரலாம். ஆனால் ஏதேனும் ஒரு வேடம் தாங்கித்தான் வரவேண்டும். பாட்டிமார்கள் வாரம் ஒருவராக வந்து அமர்ந்தால் அதுவே போதும்.

தமிழ்ச் சங்கத்தில் பிற மொழிக் குழந்தைகளுக்கு இடம் கொடுத்தால் தமிழ் என்னாவது என்று சிலர் கேட்கலாம். நான் ஒன்று கவனித்திருக்கிறேன். நம் குழந்தைகள் தங்களுக்குள் இந்தியிலும் வங்காளியிலும் பேசி விளையாடுகிறார்கள். ஆனால் அம்மா வேடம் போட்டுப் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டவுடன், 'அழாதே கண்ணு, இதோ பால் தருகிறேன்' என்று தமிழில்தான் கொஞ்சுகிறார்கள். கொஞ்சும் மொழியாகத் தமிழ் இருக்கும் வரையில் அதற்கு அழிவில்லை. அந்தக் கொஞ்சலைப் பக்கத்தில் நிற்கும் வங்கக் குழந்தையும் ஆந்திரக் குழந்தையும் கேட்டால், தமிழ் வளருமேயன்றிக் குறையாது.

பொதுக்குழு கூடும் நாளில் உறுப்பினர்கள் இந்த வேண்டுகோளை ஆதரிக்குமாறு பணிவன்போடு கேட்டுக்கொள்கிறேன். தீர்மானம் நிறைவேறினால் அடுத்த சனிக்கிழமையே பெட்டியைத் திறக்கலாம். பரணில் கிடக்கும் மரப்பாச்சிகளைத் தூசி தட்டி எடுத்து வையுங்கள்.

குழந்தைகளே, உங்கள் பொறுமைக்கு நன்றி. உங்கள் நாடகம் இனித் தொடங்கும்.